மலிவுப் பொறியும் பெருங்கணிப்பும்

இயற்கை நிகழ்ச்சிகளை ஆராயும் அறிஞர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த வழிகள் இரண்டு. ஒன்று பரிசோதனை, மற்றையது கணிதம். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியொன்று கடந்த முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் உருவாயிற்று. ஒரு நிகழ்ச்சியை ஆளும் சமன்பாடுகளைக் கணினியில் இட்டு, அந்நிகழ்ச்சியைச் சிறு சிறு காலப்படிகளாகப் பொறியினுள்ளேயே நடத்திப் பார்த்தல் அம்மூன்றாவது வழியாகும். இதனைப் பாவனைக் கணிப்பு என்று கூறலாம். விண்மீன் திரள்கள் ஒன்றோடொன்று மோதுவதை எவரும் ஆய்வுகூடத்தில் நடத்திக் காட்டவியலாது. ஆனால் கணினியில் நடத்திக் காட்டலாம்.

இவ்வழிக்கு ஒரு பெருந்தடை உண்டு. காலப்படிகள் இலட்சக்கணக்கின, ஒவ்வொரு படியிலும் கணிக்கவேண்டிய புள்ளிகளோ கோடிக்கணக்கின. இத்துணைக் கணிப்பைச் செய்யவல்ல பெருங்கணினிகள் செல்வம் மிக்க நிலையங்களிலேயே இருந்தன. ஏனையோர் அங்கே விண்ணப்பித்து, முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். எந்த வினாவை ஆராய்வது என்பதைக்கூட ஆய்வாளனின் அறிவன்றிப் பணப்பையே தீர்மானிக்கும் நிலை இது. ஆதலின், கடையில் எவரும் வாங்கத்தக்க உறுப்புக்களைக் கொண்டு தமக்குத் தாமே பெருங்கணினி செய்துகொள்ளும் முயற்சி, வெறும் சிக்கனத்தின்பாற்பட்டதன்று.

இம்முயற்சி புதியதுமன்று. 1989ஆம் ஆண்டிலே தோக்கியோப் பல்கலைக்கழக வானியலாளர் சிலர், விண்மீன்களுக்கிடையேயான ஈர்ப்பு விசையை மட்டும் கணிக்கும் ‘கிறேப்’ என்னும் தனிப்பொறியைத் தாமே அமைத்தனர். 1994இல் நாசாவின் கொடாட் நிலையத்தில் தோமஸ் ஸ்ரேளிங்கும் டொனால்ட் பெக்கரும் சாதாரண மேசைக்கணினி உறுப்புக்களைக் கொண்டு, 16 முறைவழியாக்கிகளை வலையமைப்பால் இணைத்து, ‘பேயோவுல்வ்’ என்னும் கூட்டுக்கணினியை உருவாக்கினர். அதன்பின் உலகெங்கும் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் அவ்வழியைப் பின்பற்றின.

ஆயினும் பெரிய மாற்றம் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்தது. சிறுவர் விளையாடும் கணினி விளையாட்டுக்களே அத்திசை. அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் கொண்ட திரையொன்றில் மொத்தம் 2,073,600 புள்ளிகள் உள. விளையாட்டிலே காட்சி அசையுந்தோறும் அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் செக்கனுக்கு அறுபது முறையளவில் புதிதாகக் கணித்தல் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் செய்யப்படும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. ஒரு புள்ளியின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதுமில்லை. எனவே, வல்லவன் ஒருவனைக் கொண்டு செய்விப்பதினும், எளிய பணியாளர் பல நூற்றுவரை ஒருங்கே ஏவுதல் இவ்வேலைக்குப் பொருந்தும். கணினியின் மத்திய முறைவழி அலகு அவ்வல்லவனை ஒத்தது. ஜீ.பீ.யூ. எனப்படும் வரைவியல் முறைவழி அலகோ தேர் வடம் பிடிக்கும் ஊராரை ஒத்தது. ஒருவர் வலி சிறிது. எல்லோரும் ஒரே கணத்தில் ஒரே திசையில் இழுப்பதனாலேயே தேர் நகர்கிறது.

வெப்பப் பரவல், பாய்பொருள் ஓட்டம், மூலக்கூறுகளின் அசைவு முதலிய பௌதிகக் கணக்குக்கள் பலவும் இதே இயல்பின. அதனை ஆய்வாளர் முன்பே கண்டிருந்தனராயினும், அவ்வலகை ஏவுதற்குத் தம் கணக்கை ஒரு படம் வரையும் வேலைபோல வேடமிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 2007இல் என்விடியா நிறுவனம் ‘கூடா’ என்னும் செய்நிரலாக்க முறையை வெளியிட்டபின் அவ்வேடம் தேவையற்றதாயிற்று.

இதனால் விளைந்த பயனுக்குப் பெல்சிய நாட்டு அன்ற்வேர்ப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது தக்க சான்று. அங்குள்ள ஆய்வுக் குழுவொன்று வெட்டுமுகப் படவியலில் ஈடுபட்டிருந்தது. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஊடுகதிர்ப் படம் எடுத்து, அந்நிழல்களிலிருந்து பொருளின் உள்ளமைப்பை மீட்டுக் கணித்தலே அத்துறை. நிழலிலிருந்து உருவை ஊகித்து, அவ்வுருவிலிருந்து மீண்டும் நிழலைக் கணித்து, வேறுபாட்டைத் திருத்தி, இவ்வாறு பன்முறை திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். 2008இல் அக்குழுவினர் ‘பாஸ்ற்றா’ என்னும் பொறியை அமைத்தனர். விளையாட்டுப் பிரியருக்காக விற்கப்பட்ட என்விடியா 9800 ஜீஎக்ஸ்2 அட்டைகள் நான்கை அதில் பொருத்தினர். அட்டைக்கு இரண்டாக எட்டு அலகுகள்; அலகுக்கு 128 ஆக 1,024 சிறு கணிப்பகங்கள். செலவு 4,000 யூரோவிற்கும் குறைவு. அப்பல்கலைக்கழகம் 2005இல் 35 இலட்சம் யூரோ கொடுத்து வாங்கிய பெருங்கணினியில் 512 முறைவழியாக்கிகள் இருந்தன. வெட்டுமுகப் படக் கணக்கொன்றை இரண்டிலும் இட்டுப் பார்த்தபோது மேசையடிப் பொறியே சற்று முந்தி முடித்தது. எல்லாக் கணக்குக்கும் இது பொருந்துமெனக் கொள்ளலாகாது. அந்த ஒரு வகைக் கணக்குக்கு அப்பொறி அளவெடுத்துத் தைத்த சட்டை.

2009இல் அவர்கள் அமைத்த இரண்டாவது பொறியின் கதை இன்னும் சுவையானது. இரட்டை அலகு கொண்ட ஜீரீஎக்ஸ் 295 அட்டைகள் ஆறு, ஒற்றை அலகு கொண்ட ஜீரீஎக்ஸ் 275 அட்டை ஒன்று, ஆகப் பதின்மூன்று அலகுகளை ஒரே தாய்ப்பலகையில் இணைக்க முயன்றனர். அட்டைகள் தடித்தவையாதலின் ஏழு துளைகளிலும் நேரே பொருந்தவில்லை. நெகிழும் நாடாவடங்களால் அவற்றை உயர்த்திப் பொருத்தினர். அதன் பின்னரும் வழக்கமான ஏற்பாட்டுடன் பொறி தொடங்க மறுத்தது. காரணம் பின்வருமாறு. கணினி விழித்தெழும்போது அதன் தொடக்க மென்பொருள், ஒவ்வோர் அட்டைக்கும் நினைவகத்தில் ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்குகின்றது. 32 துவித இலக்கங்களால் எழுதத்தக்க முகவரிகள் 4,294,967,296 மட்டுமே. பதின்மூன்று அலகுகள் கேட்ட இடம் அவ்வெல்லைக்குள் அடங்கவில்லை. வீட்டிலக்கம் போதாத தெருவில் புதிய வீடுகளைக் கட்டிவிட்டால் தபாற்காரன் என்செய்வான்? தாய்ப்பலகையைச் செய்த ஆசுஸ் நிறுவனம் இவர்களுக்கெனத் தனித் தொடக்க மென்பொருளை எழுதிக் கொடுத்தது. அது ஆறு இரட்டை அட்டைகளையும் கண்டுங்காணாதது போல விட்டுவிட்டு, ஒற்றை அட்டையை மட்டும் தொடக்கியது. ஏனையவற்றுக்கு 64 இலக்க முகவரிகளை வழங்கும் பணி, மாற்றியமைக்கப்பட்ட லினக்ஸ் பணிசெயல் முறைமையிடம் விடப்பட்டது. இவ்வாறு 6,000 யூரோச் செலவில் செக்கனுக்கு 12 இலட்சம் கோடிக் கணிப்புக்கள் வரை செய்யவல்ல பொறி எழுந்தது. மலிவு என்பது உறுப்புக்களின் விலையில் மாத்திரமே என்பதையும், எஞ்சிய விலையை ஆய்வாளர் தம் உழைப்பாலே கொடுத்தனர் என்பதையும் மறத்தல் கூடாது.

அட்டைகள் பலவாகும்போது எழும் முதன்மையான இடர் கணிப்பில் இல்லை. ஒன்றோடொன்று பேசுவதிலேயே உள்ளது. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு கனவுருவில் வெப்பம் பரவுவதைக் கணிக்க, பக்கத்துக்கு 512 ஆக 134,217,728 சிற்றறைகளாக அதனைப் பிரிப்போம். நான்கு அட்டைகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33,554,432 அறைகள். ஓர் அறையின் வெப்பநிலை அண்டை அறைகளைச் சார்ந்ததாதலின், ஒவ்வொரு காலப்படியிலும் எல்லைப் படலங்களை அட்டைகள் தமக்குள் பரிமாறுதல் வேண்டும். நடுவிலுள்ள அட்டைக்கு இரு எல்லைகள். அவற்றில் 524,288 எண்கள். எண்ணொன்றுக்கு 4 பைற்று வீதம் ஏறத்தாழ 21 இலட்சம் பைற்று. 2020இல் வெளிவந்த ஆர்ரீஎக்ஸ் 3090 அட்டை தன் சொந்த நினைவகத்தைச் செக்கனுக்கு 93,600 கோடிப் பைற்று வீதம் படிக்கும். ஓர் அறைக்கு ஒரு படிப்பும் ஓர் எழுத்தும் எனக் கொண்டால், அதன் பங்குக் கணிப்பு ஏறத்தாழ 0.29 மில்லிசெக்கனில் முடியும். தாய்ப்பலகையின் பதினாறு வழித் துளை, மூன்றாம் தலைமுறையினதாயின், செக்கனுக்கு ஏறக்குறைய 1,600 கோடிப் பைற்றுக் கடத்தும். எல்லைப் பரிமாற்றத்துக்கு 0.13 மில்லிசெக்கன் செல்லும். உள்ளறைகளைக் கணிக்கும் வேளையிலேயே எல்லையை அனுப்புமாறு செய்நிரல் எழுதினால் இந்நேரம் மறைந்துவிடும்.

இனி, அதே அட்டைகளை ஒற்றை வழித் துளைகளில் பொருத்துவோமாயின் பரிமாற்றத்துக்கு 2 மில்லிசெக்கனுக்கு மேலாகும். அட்டை 0.29 மில்லிசெக்கன் உழைத்து, மிகுதி நேரமெல்லாம் கைகட்டி நிற்கும். மறைபணம் ‘அகழ்வோர்’ பயன்படுத்திய பலவட்டைப் பொறிகள் இத்தகையன. 2022 செப்ரெம்பரில் எத்தீரியம் என்னும் மறைபணம் அகழ்வு முறையைக் கைவிட்டபின், அவ்வட்டைகள் பெருந்தொகையாகப் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. அட்டைகளை வாங்கலாம், அவற்றைத் தாங்கிய பலகைகளை வாங்குதல் வீண். மேசைக்கணினிகளின் மத்திய அலகுகள் பல இருபது வழிகளையொட்டியே வழங்குவன. பரிமாறியகக் கணினிகளுக்கென வந்த ஏ.எம்.டி. எபிக் வகை 128 வழிகளை வழங்குகின்றது. அத்தகைய பழைய பலகையொன்றே அறிவுடையோர் தெரிவு.

விடையின் உண்மை பற்றியது அடுத்த வினா. இதுவே அனைத்தினும் முக்கியமானது எனலாம். திரையிலே ஒரு புள்ளியின் நிறம் சிறிது பிழைத்தால் விளையாடுவோன் அதனைக் காணான். ஆய்விலோ அப்பிழை அடுத்த படிக்கும் அதற்கடுத்த படிக்கும் செல்லும். விளையாட்டு அட்டைகள் ஏறக்குறைய ஏழு தசம இலக்கத் திருத்தமுடைய ஒற்றைத் துல்லியக் கணிப்பில் வல்லன. பதினைந்து, பதினாறு இலக்கம் வேண்டும் இரட்டைத் துல்லியத்திலோ மிக மெலிந்தன. 2022இன் ஆர்ரீஎக்ஸ் 4090 அட்டையில் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றையின் 64இல் ஒரு பங்கே. ஆய்வு நிலையங்களுக்கென 2020இல் வந்த ஏ100 அட்டையில் அது பாதி. வெட்டுமுகப் படத்துக்கு ஒற்றைத் துல்லியம் போதும். மூலக்கூற்று அசைவைக் கணிக்கும் ‘அம்பர்’ போன்ற செய்நிரல்கள் விசைகளை ஒற்றைத் துல்லியத்தில் கணித்து, கூட்டுத்தொகையை மட்டும் 64 இலக்கங்களில் பேணுகின்றன. இவ்வாறு பிரித்தறிய இயலாத கணக்குக்கு மலிவு அட்டை பொருந்தாது. அன்றியும், நினைவகத்தில் தானே நேரும் வழுவைத் தானே திருத்தும் ஏற்பாடு விளையாட்டு அட்டைகள் பலவற்றில் இல்லை. கணிப்பை இருமுறை நடத்தி ஒப்பிடுதல் அதற்குரிய எளிய காப்பு. அவ்வாறு செய்வோன் தன் பொறியின் விலை இரட்டித்தது என்றே கணக்கில் எழுதல் வேண்டும்.

மின்செலவும் வெப்பமும் அடுத்தவை. 350 உவாற்று அட்டைகள் நான்கு 1,400 உவாற்றுக் கொள்ளும். அத்தனையும் இறுதியில் அறையிலே வெப்பமாகும். அட்டைகளை நெருக்கி அடுக்கினால் ஒன்று விட்ட சூட்டை மற்றொன்று உட்கொள்ளும்.

உறுப்புக்களைச் செய்வோரின் மனப்போக்கையும் கருதவேண்டியுள்ளது. 2007இல் மசச்சூசெற்ஸ் டாட்மத் பல்கலைக்கழகப் பௌதிக அறிஞர் கௌரவ் கன்னா, பிளேஸ்ரேசன் 3 என்னும் விளையாட்டுப் பெட்டிகள் எட்டை இணைத்துக் கருந்துளைகள் பற்றிய கணிப்புக்களை நடத்தினார். அமெரிக்க விமானப்படை ஆய்வுகூடம் 2010இல் அத்தகைய பெட்டிகள் 1,760ஐ இணைத்தது. அதே ஆண்டு ஏப்பிரலில் சோனி நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் மாற்றம், அப்பெட்டியில் லினக்ஸ் நிறுவும் வசதியை நீக்கிற்று. 2017 இறுதியில் என்விடியா தன் விளையாட்டு அட்டைகளுக்கான மென்பொருளைத் தரவு நிலையங்களில் பயன்படுத்தலாகாதென உரிமை ஒப்பந்தத்தில் எழுதிற்று. விளையாட்டுப் பொருளை ஆய்வுக் கருவியாக்குவோன் பிறர் வளவில் நெல் விதைப்பவனை ஒப்பான்.

பொறிகள் விரைவில் மூப்படைவன. அன்ற்வேர்ப்பில் பதின்மூன்று அலகுகள் சேர்ந்து பெற்ற வலுவைப் போல ஆறு மடங்குக்கு மேற்பட்டதை, ஒற்றைத் துல்லியத்தில், 2022இன் அட்டையொன்று தனித்தே பெற்றுவிட்டது. ஆயினும் அக்குழுவினர் வெட்டுமுகப் படக் கணிப்புக்கு எழுதிய செய்நிரல்கள் ‘அஸ்ற்றா’ என்னும் பெயரால் மூலநிரலுடன் இலவசமாக வழங்கப்படுகின்றன. தக்க அட்டை ஒன்றேயுள்ள மாணவனும் அவற்றை இறக்கித் தன் மேசையில் இயக்கலாம்.