நான்கடிப் பலகையில் 6,720 ரயில்கள்

மாடல் ரயில் என்றதும் மனதில் வருவது மலை, குகை, பாலம், அவற்றைச் சுற்றி வளைந்து ஓடும் நீளமான வண்டி. அந்த ஆசையை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உலகில் மிகப் பரவலான மாடல் அளவு எச்.ஓ.; அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. நம் எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஓடும் எல்.எச்.பி. பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் மாடலிலேயே 6 மீட்டரைத் தாண்டும். அது நிற்பதற்கே நடுத்தரக் குடும்பத்து ஹால் போதாது. அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் சுமார் 175 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். வண்டி ஒரு சுற்று சுற்றி வர 4 மீட்டர் அகலம் வேண்டும்.

பெட்டியில் போட்டு விற்கும் செட்டுகளில் இந்த ஆரம் 40 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நிஜத்தில் அது 35 மீட்டர். எந்த எக்ஸ்பிரஸும் அப்படித் திரும்பாது, பார்க்கும் கண்ணும் அதை நம்பாது. ஆனால் பெரிய குறை அதுவல்ல. வட்டத்தில் ஓடும் வண்டி போகும் இடத்தைப் போய்ச் சேருவதே இல்லை. ஒரு வாரம் சுற்றும், பிறகு பரணுக்குப் போகும். கையில் பணம் குறைவாக இருப்பவர் அந்த வட்டத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வட்டம் இல்லாமல் ரயிலுக்கு என்ன வேலை? ஷண்டிங், அதாவது வேகன்களை இழுத்தும் தள்ளியும் வேண்டிய வரிசையில் சேர்ப்பது. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் என்ற மாடல்காரர் ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’ என்ற சிறிய அமைப்பால் இதைக் காட்டினார். அதில் இருப்பது தடம் மாற்றும் இரண்டே பாயிண்ட். அவற்றிலிருந்து மூன்று சைடிங் பிரிகிறது. ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எதிர்ப்பக்கம் ஒரு துண்டுப் பாதை. அங்கே எஞ்சினும் 3 வேகனும் மட்டுமே அடங்கும். மொத்தம் 8 வேகன். சிறிய நான்கு சக்கர வேகன்களாக எடுத்துக்கொண்டால் நான்கடி நீளம், ஓரடி அகலப் பலகை ஒன்றில் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

ஆட்டம் இதுதான்: எட்டு வேகனின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஐந்தை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அந்த ஐந்து வேகனும் அதே வரிசையில் நீளமான சைடிங்கில் வந்து நிற்க வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது. எஞ்சின் இழுத்தும் தள்ளியும்தான் சேர்க்க வேண்டும். முதல் வேகனுக்கு 8 வாய்ப்பு, அடுத்ததற்கு 7, பிறகு 6, 5, 4. பெருக்கினால் 6,720. தினம் ஒரு வண்டி என்று பழைய வரிசை திரும்பாமல் அமைத்தால், 18 வருடம் கழித்தும் அமைக்காத வண்டி மிச்சமிருக்கும். எந்தச் சீட்டு விழுந்தாலும் விடையும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவேயில் கணிதப் பேராசிரியரான சைமன் பிளாக்பர்ன், இத்தகைய புதிர்களை எப்போது தவறாமல் தீர்க்க முடியும் என்று ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இவ்வளவு சிறிய பாதையில் இத்தனை சிக்கல் எப்படி வருகிறது? சைடிங் ஒரு முனை அடைபட்ட பாதை. அடுக்கி வைத்த தட்டுகளைப் போல, கடைசியாகப் போனதுதான் முதலில் வெளியே வரும். நமக்கு வேண்டிய வேகன் எப்போதும் வேறொன்றின் பின்னால்தான் மாட்டிக்கொண்டிருக்கும். முன்னால் நிற்பதை ஓரிடத்தில் தற்காலிகமாக ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய அந்த இடம் அடுத்த நகர்விலேயே வேறொன்றுக்குத் தேவைப்படும்.

கடைசியாகப் போனது முதலில் வரும் இந்த அமைப்புக்குக் கணினி அறிவியலில் ‘ஸ்டாக்’ என்று பெயர். கணினி அறிஞர் டொனால்டு நுத் தன் புகழ்பெற்ற நூலில் ஸ்டாக்கை விளக்க ரயில் சைடிங் படத்தையே போட்டார். அந்த உவமையைச் சொன்னவர் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1961-ல் டைக்ஸ்ட்ரா எழுதிய ஒரு கணக்கு முறைக்கு இன்றைக்கும் ‘ஷண்டிங் யார்டு’ என்றுதான் பெயர். 2 + 3 × 4 என்று கணினியிடம் கொடுத்தால், கூட்டல் குறி முதலில் சைடிங்குக்குள் போகிறது, பெருக்கல் குறி அதற்குப் பின்னால் போகிறது. வெளியே வரும்போது பெருக்கல் முந்திக்கொள்கிறது. விடை 14 என்று சரியாக வருகிறது. எட்டு வேகனை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி பலகை முன் உட்கார்ந்து யோசிப்பதும் இந்த வேலையைத்தான்.

ஷண்டிங்குக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. நான்கடிப் பலகை நிஜத்தில் 106 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான மாடல் வேகம் வினாடிக்கு 32 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் பலகை நான்கு வினாடிக்குள் தீர்ந்துவிடும். ஷண்டிங் எஞ்சினை 10 கிலோமீட்டருக்கு இறக்கினால் அதே தூரம் 38 வினாடி நீளும். மெதுவாக ஓட்டினால் இடம் பெருகுகிறது.

மெதுவாக ஓட்டுவதுதான் கடினம். நிற்கும் மோட்டாரை அசைக்க வேண்டிய விசை, ஓடும் மோட்டாரை ஓட வைக்கும் விசையைவிட அதிகம். மின்னழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் எஞ்சின் அசையாமல் நின்று, திடீரென்று பாய்ந்துவிடும். இதற்கு மாற்று, மின்சாரத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பது. ஒவ்வொரு துடிப்பும் முழு 12 வோல்ட். துடிப்பின் நீளம்தான் கூடும், குறையும். குட்டித் துடிப்புகூட மோட்டாரை உசுப்பிவிடும் என்பதால் எஞ்சின் ஊர்ந்து போகும். இந்த ‘பி.டபிள்யூ.எம்.’ போர்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் மலிவாகவே கிடைக்கும். 12 வோல்ட் அடாப்டர் ஒன்றும் சேர்ந்தால் கன்ட்ரோலர் தயார். வீட்டு மின் இணைப்பைத் தண்டவாளத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எடையையும் கவனிக்க வேண்டும். நீளம் 87 மடங்கு குறைந்தால் எடை 87-ன் கனமாக, அதாவது 6,58,503 மடங்கு குறைகிறது. 112 டன்னுக்கும் கூடுதலான டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் கணக்குப்படி வெறும் 171 கிராம்தான். காலி பிளாஸ்டிக் வேகன் பாயிண்டில் ஏறும்போது துள்ளித் தடம் புரள்வது இந்த எடைக்குறைவால்தான். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் எச்.ஓ. வேகனுக்குச் சொல்லும் அளவு, அடிப்படையாக 28 கிராம், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். மூன்றங்குல வேகனுக்கு 70 கிராம். பழைய நட்டும் வாஷரும் உள்ளே தரையோடு ஒட்டினால் போதும்.

காசு எங்கே போக வேண்டும் என்றால் பாயிண்டிலும் எஞ்சினிலும். அந்த இரண்டில் மலிவு பார்த்தால் தினமும் மனம் நொந்துபோகும். மற்றதெல்லாம் அக்கம்பக்கத்திலேயே கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் கூட்ஸ் ஷெட்டின் முன்சுவர் மட்டும் வெட்டி, பின்பலகையில் ஒட்டினால் போதும். அதன் பின்புறத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. பின்பலகையில் தூரத்து மலைக்குப் பச்சை அடிக்காதீர்கள். இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறிய நீலமாகத்தான் தெரியும். அந்த ஒரு கோட் வெளிர் நீலம் சுவரை மைல் கணக்கில் பின்னுக்குத் தள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜல்லி போடும் கட்டம். நம் ரயில் பாதையில் கொட்டும் கருங்கல் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை. 50 மில்லிமீட்டர் கல் 87-ல் ஒரு பங்கானால் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய ஒரு கைப்பிடி எம்-சாண்டைச் சலித்தால் அதே அளவு கிடைக்கிறது. எம்-சாண்டும் பாறையை உடைத்து எடுப்பதுதான் என்பதால் நிறமும் அதே சாம்பல். மோட்டாரின் காந்தத்தில் இரும்புத் துகள் போய் ஒட்டாமலிருக்க, மணல் மேல் ஒரு காந்தத்தை ஓட்டி எடுத்துவிட வேண்டும். பிறகு ஸ்லீப்பர்களுக்கு நடுவே தூவி, பிரஷ்ஷால் சமப்படுத்தி, நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டு மருந்து டிராப்பரில் விட வேண்டும். சும்மா விட்டால் துளி முத்தாக உருண்டு, மணலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை அதை உருண்டையாகப் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரைப் பனி போலத் தெளித்து, பசையிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். துளி விழுந்த கணமே மறையும். துகள்களின் இடுக்குகள் வழியாக நுண்புழை விசை அதை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஸ்லீப்பர் ஸ்லீப்பராகப் பரவிப் போவதை வெறும் கண்ணால் பார்க்கலாம். மறுநாள் காய்ந்து கல்லாகியிருக்கும்.

கிடைத்ததை வைத்துச் செய்வது புதிதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய மாடல் ரயில் சங்கமும் பலகைக்கு அடியில் வைத்தது தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கான நன்கொடை ரிலேக்களைத்தான். பாயிண்டையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்த அவற்றைக் கோத்த மாணவர்களில் சிலர் அங்கிருந்து ஆரம்பகாலக் கணினிகளுக்குப் போனார்கள். 1962-ல் வந்த ‘ஸ்பேஸ்வார்’ கணினி விளையாட்டை உருவாக்கியவர்களில் அந்தச் சங்கத்தினரும் உண்டு.

இந்தப் பொழுதுபோக்குக்குச் செலவு செய்யலாமா என்ற தயக்கம் இருந்தால், முதலில் தரையில் சாக்பீஸால் மூன்று சைடிங்கும் எதிர்ப்பக்கத் துண்டுப் பாதையும் வரையுங்கள். எட்டுத் தீப்பெட்டிக்கு எண் போட்டு வேகனாக வையுங்கள். எஞ்சினுக்கு ஓர் அழிரப்பர். சீட்டுக் குலுக்கி ஆடிப் பாருங்கள். பிடித்துப்போனால், முதல் ரூபாயை நல்ல பாயிண்டில் போடுங்கள்.