தப்பாகப் பேசினால்தான் என்ன?

"அம்மா, இனிமே நான் காலேஜுக்குப் போகலை. ஏதாவது துணிக்கடையில வேலைக்குச் சேர்த்து விட்டுடு."

என் பெரியவள் இப்படிச் சொல்லிவிட்டுப் புத்தகப் பையை மூலையில் போட்டபோது, அவள் காலேஜில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்குப் பகீரென்றது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் பெண் அவள்தான். இவளே நின்றுவிட்டால், பின்னால் வரும் தங்கைகள் இரண்டு பேரின் கதி?

மெதுவாக விசாரித்தேன். பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்தவள். ப்ளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மார்க்தான். வகுப்பில் எழுந்து நின்று தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று இவள் சொன்னதும், அங்கேயே நிறுத்தித் திருத்தியிருக்கிறார்கள். பின் வரிசையில் ஒரே சிரிப்பு. அன்று மூடிய வாய்தான், பிறகு திறக்கவே இல்லை.

நானோ எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திக்கொண்டவள். என்ன சொல்லித்தர முடியும்? எங்கள் தெருக் கோடியில் காலேஜில் ஆங்கிலம் நடத்தி ரிடையர் ஆன டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன்.

"தனியா வேண்டாம்மா. இவளை மாதிரியே கூச்சப்படற பிள்ளைங்க இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க. பணம் வேண்டாம், காப்பி போதும்" என்றார்.

ஞாயிறுதோறும் சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் வகுப்பு. நான் ஓரமாகப் பூக் கட்டியபடி உட்கார்ந்திருப்பேன்.

"இவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைக்காதீங்க" என்றார் டீச்சரம்மா. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோலில் மொழித் திறமையை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்களாம். நம் பிள்ளைகள் பலர் நடுப் படியை எட்டிப் பிடிக்கிற இடத்தில் நிற்கிறார்கள். படித்தால் ஓரளவு புரியும்; பரீட்சை எழுதினால் பாஸ். வாய்தான் வராது. அவர்களை மறுபடி முதல் படிக்கு இறக்கி, இலக்கணத்தை ஆரம்பத்திலிருந்து ஒப்பிக்க வைத்தால் சலிப்புதான் மிஞ்சும் என்றார்.

முதல் நாளே, "கோலமாவு கொண்டு வாங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பெண்ணின் கையில் ஐந்து புள்ளிக் கோலம் வரைந்த காகிதம். அவளுக்கு முதுகைக் காட்டியபடி இன்னொருத்தி தரையில் கோலமாவுடன். காகிதத்தைப் பார்க்காமல், இவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் போட வேண்டும். புரியாவிட்டால் ஆங்கிலத்திலேயே கேட்கலாம். தமிழ் மட்டும் கூடாது.

கோலம் தேள் மாதிரி வந்தது! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் இந்தச் சிரிப்பு கோலத்தைப் பார்த்து. பேசியவளைப் பார்த்து அல்ல. அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டோம் என்பதை அந்தப் பெண்கள் கவனிக்கவே இல்லை.

டீச்சரம்மா நடுவில் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. தன் நோட்டில் குறித்துக்கொண்டார். முடிந்த பிறகு, யார் சொன்னது என்று சொல்லாமல் மூன்று தவறுகளை மட்டும் விளக்கினார். நாம் 'மேலே' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் புள்ளியைத் தொட்டால் 'ஆன்', தொடாமல் உயரே இருந்தால் 'அபவ்', தாண்டிப் போனால் 'ஓவர்'. கோலம் கோணியது அதனால்தான். பிறகு அதே கோலத்தை மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் தடவை பாதிக்கு மேல் சரியாக வந்தது.

"இது என் சொந்தச் சரக்கு இல்லைம்மா" என்றார். என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், இலக்கணப் பாடமாக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காணச் செய்து ஆங்கிலம் கற்பித்தாராம். கவனம் வேலையில் இருந்தால் மொழி தானாகப் படியும் என்பது அவர் கருத்து.

'ஹேவிங்' சமாசாரமும் ஒருநாள் வந்தது. "நடந்துகிட்டு இருக்கிற காரியத்துக்குத்தான் 'இங்' போடணும். தங்கச்சி இருக்கிறது ஒரு காரியமா?" என்று டீச்சரம்மா கேட்க, என் பெண்ணே சிரித்துவிட்டாள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு, சகோதரிகளே. தினமும் இரண்டு நிமிஷம் அன்று நடந்ததை ஆங்கிலத்தில் பேசி செல்போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தானே கேட்டு, ஒரே ஒரு தவறை மட்டும் திருத்தி, மறுபடி பேசட்டும். பேசும்போது குறுக்கே போகாதீர்கள். முக்கியமாக, தம்பி தங்கைகளைக் கேலி செய்ய விடாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம்தான். "நாலு பேர் முன்னாடி தப்பாப் பேசி மானத்தை வாங்காதே" என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவளே நான்தானே! வகுப்பில் அவள் வாயை மூடியதற்கு அந்தச் சிரிப்பு மட்டுமா காரணம்?

அடுத்த செமஸ்டரில் அவளாகவே எழுந்து வகுப்பில் பேசினாளாம். "ரெண்டு இடத்துல தப்பு விட்டேம்மா. நானே திருத்திக்கிட்டு மேல பேசினேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

இப்போது மாடியில் எட்டுப் பெண்கள். காப்பிப் பொடிதான் மாசக் கடைசி வரை வருவதில்லை!