கொதித்தலும் மேற்பரப்பின் அமைப்பும்

அடுப்பிலே காயும் தோசைக்கல்லிற் சிறிது நீரைத் தெளிப்போமாயின், கல் அளவாகச் சூடேறியிருக்கையில் துளி 'சுர்' என்னும் ஒலியோடு மறைகின்றது. கல் மிகக் காய்ந்திருக்கையிலோ அத்துளி முத்துப்போல் திரண்டு நெடுநேரம் உருண்டோடுகின்றது. சூடு மிகுந்தவிடத்து நீர் நிலைப்பது எங்ஙனம்? யேர்மனிய மருத்துவரான லைடன்புரொஸ்ட் 1756 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலத்தீன் நூலில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தார். துளிக்கும் கல்லுக்குமிடையே மெல்லிய ஆவிப்படலம் தோன்றித் துளியைத் தாங்குகின்றது. ஆவி வெப்பத்தை எளிதிற் கடத்தாது.

இப்படலத்தால் விளையும் கேட்டை யப்பானிய அறிஞர் சிரோ நுகியாமா 1934 ஆம் ஆண்டிற் காட்டினார். அவர் நீரில் அமிழ்த்திய மெல்லிய கம்பியை மின்னோட்டத்தாற் சூடாக்கினார். முதலிற் குமிழிகள் தோன்றி நீங்கி வெப்பத்தை விரைந்து அகற்றின. மின்வலுவைப் பன்மடங்கு கூட்டியும் கம்பியின் வெப்பநிலை சிறிதே உயர்ந்தது. ஓரெல்லை கடந்ததும் குமிழிகள் ஒன்றுகூடி ஆவிப்போர்வையாகிக் கம்பியைச் சூழ்ந்தன. நீர் அணுக இயலாமையால் வெப்பநிலை திடீரெனத் தாவிற்று. நிக்கல்-குரோமியக் கம்பி உருகி அறுந்தது. இவ்வெல்லையே அவதி வெப்பப் பாயம் எனப்படும். வளிமண்டல அமுக்கத்தில் நீருக்கு அது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 இலட்சம் உவாற்று ஆகும். அணுவுலையின் எரிபொருட் கோல்கள் இத்தகைய எல்லையை எட்டாது காத்தல் இன்றியமையாதது.

இவ்வெல்லையை உயர்த்த இயலுமோ? விடை மேற்பரப்பின் அமைப்பில் உள்ளது. நீர் 100 பாகை சதமவளவையிற் கொதிக்குமென மாணவர்க்குக் கற்பிக்கின்றோம்; அது முழு உண்மையன்று. சிறு குமிழியைப் பரப்பிழுவிசை நெருக்குகின்றது. ஆரை ஒரு மைக்கிரோமீற்றராயின், அது நிலைத்தற்கு நீர் 120 பாகையைக் கடத்தல் வேண்டும். 10 மைக்கிரோமீற்றராயின் ஏறத்தாழ 103 பாகை போதும். எனவே வளியோ ஆவியோ அடைபட்டிருக்கும் நுண்குழிகளே குமிழிகளின் பிறப்பிடமாகும். முற்றும் வழுவழுப்பான பரப்புக் கொதித்தலுக்கு உகந்ததன்று.

யாக்கோபு, பிரிற்சு என்னும் இருவர் 1931 ஆம் ஆண்டில், கரடாக்கிய பரப்பிற் கொதித்தல் மேம்படுதலைக் கண்டனர். ஆயினும் சின்னாளில் அப்பயன் குன்றிற்று. திறந்த குழிகளில் நீர் புகுந்துவிடும். வாய் குறுகி வயிறு அகன்ற குடம்போன்ற குழிகளோ ஆவியைத் தம்மகத்தே காத்துக்கொள்ளும். பிற்காலத்திற் குளிரூட்டற் பொறிகளின் குழாய்களில் இத்தகைய பரப்புகள் இடம்பெற்றன.

குமிழி பிறந்தாற் போதாது. அது நீங்கிய இடத்துக்கு நீர் மீளவேண்டும். நுண்டூண்கள் நெருங்கிய பரப்பில், விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல, மயிர்த்துளைத் தன்மையால் நீர் இடைவெளிகளூடே பரவுகின்றது. இத்தகைய பரப்பொன்றில் அவதிப் பாயம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 20 இலட்சம் உவாற்றுக்கு உயர்ந்ததை மசச்சூசெற்சு தொழினுட்ப நிறுவக ஆய்வாளர் 2012 ஆம் ஆண்டிற் காட்டினர். 2022 ஆம் ஆண்டில் கொங்கொங் ஆய்வாளர், உருக்குத் தூண்களிடையே வெப்பங்கடத்தாத நுண்ணிழைப் படலத்தையும் அதன்கீழ் ஆவி வெளியேறும் வழிகளையும் அமைத்து, 1,000 பாகைக்கு மேலும் ஆவிப்போர்வை தோன்றாது தடுத்தனர்.

எனினும் நீரிலுள்ள உப்புக்கள் படிந்து நுண்வழிகளை அடைப்பின் இப்பயன் கெடும். ஆவி நீங்க ஒரு வழியும் நீர் மீள ஒரு வழியும் நெடுங்காலம் அடைபடாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பரப்பிற் காத்தலே இத்துறையார்முன் உள்ள பணியாகும்.