சட்டம் உருவாகும் அறை

அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்ன வேலை செய்கிறார்? அவையில் பேசுவதும் வாக்களிப்பதும் வெளியே தெரிகின்றன. ஆனால் சட்டத்தின் வரிகள் பெரும்பாலும் குழுக்களில்தான் முடிவாகின்றன. மின்னசோட்டா மாநிலத்தைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

அம்மாநிலத்தின் வடக்கே இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் ஹிப்பிங் என்ற ஊர் இருக்கிறது. ஊருக்கு அடியிலேயே நல்ல தாது இருந்ததால், 1919 முதல் வீடுகளையும் கட்டடங்களையும் பெயர்த்து, மரத்தடிகள் மேல் உருட்டி, சுமார் 3 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே சுரங்கத்தைப் பற்றிப் பேசினால் வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். அந்த ஊர்களில் வயதாகிவரும் தொழிலாளர்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியும் கூடவே வரும்.

இனி, குழு இயங்கும் விதம். மின்னசோட்டாவில் கீழவைக்கு 134 உறுப்பினர்கள், மேலவைக்கு 67 பேர். மசோதா அறிமுகமானதும் அதற்குரிய குழுவுக்குப் போகும். அதை விசாரணைக்கு எடுப்பதும் எடுக்காததும் பெரும்பாலும் குழுத் தலைவரின் கையில். எடுக்காமலே கெடு தாண்டிவிட்டால், அந்தக் கூட்டத்தொடரில் அது பிழைப்பது அரிது. எடுத்தால், மசோதாவைக் கொண்டுவந்தவர் குழுவின் எதிரே மேசையில் அமர்ந்து விளக்குவார். அவர் அருகில் பொதுமக்களும் உட்கார்ந்து சில நிமிடங்கள் பேசலாம். பிறகு கேள்விகள், திருத்தங்கள், வாக்கெடுப்பு. அரசுக்குச் செலவு வைக்கும் மசோதா நிதிக் குழுவையும் தாண்ட வேண்டும்.

இப்படிக் குழுக்களுக்கு வரும் விஷயங்களில் சுரங்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் முதல் கேள்வி வரி. டாக்கோனைட் என்னும் தரம் குறைந்த இரும்புத் தாதுவை எடுக்கும் நிறுவனங்கள், சொத்து வரிக்குப் பதிலாக டன்னுக்கு இவ்வளவு என்ற கணக்கில் உற்பத்தி வரி கட்டுகின்றன. அந்தப் பணம் உள்ளூர் நிர்வாகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போகிறது. அடுத்தது செம்பு, நிக்கல் சுரங்கம். கந்தகம் கலந்த அந்தப் பாறையில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் கசியலாம். அதனால், இத்தகைய சுரங்கம் வேறெங்காவது மாசின்றி இயங்கி மூடப்பட்டதற்குச் சான்று காட்டிய பிறகே அனுமதி தர வேண்டும் என்று மசோதாக்கள் வந்தன. பக்கத்து விஸ்கான்சினில் 1998இல் வந்த இத்தகைய சட்டம் 2017இல் நீக்கப்பட்டது. வேலை வேண்டும் என்பவரும் தண்ணீர் கெடக்கூடாது என்பவரும் ஒரே தொகுதியில் இருக்கிறார்கள். உறுப்பினர் இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

அடுத்தது வீடு. வீட்டுவசதிக்கு 2023இல் மின்னசோட்டா 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. தலைநகர வட்டாரத்தில் அதற்கென்றே 0.25 சதவீத விற்பனை வரியும் வந்தது.

முதியோர் துறையில், முதியவர்கள் அன்றாட உதவியுடன் வாழும் இல்லங்களுக்கு அங்கே நெடுங்காலம் தனி உரிமமே இல்லை. கொடுமைக்கும் அலட்சியத்துக்கும் ஆளான முதியவர்களின் பிள்ளைகள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2019இல் சட்டம் நிறைவேறி, 2021 ஆகஸ்ட் 1 முதல் உரிமம் கட்டாயமாயிற்று.

ஆகவே ஓர் உறுப்பினரை எடைபோட மேடைப் பேச்சு போதாது. எந்தக் குழுவில் இருந்தார், எந்த மசோதாவை விசாரணைக்குக் கொண்டுவரப் பாடுபட்டார், எந்தத் திருத்தத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று பாருங்கள். அவர் யாருக்காக உழைத்தார் என்பது அந்தப் பதிவுகளில் இருக்கிறது.