ஒரே படப்பிடிப்பு, மூன்று நீளம்: ‘டாஸ் போட்’ தொடரை எந்த வடிவத்தில் பார்ப்பது?

‘டாஸ் போட்’ என்ற ஜெர்மன் போர்க்கதையை டிவிடியிலோ ப்ளூ-ரேயிலோ வாங்கப் போகிறவர்கள் முதலில் குழம்பத்தான் செய்வார்கள். ஓர் உறையின் பின்புறத்தில் 149 நிமிடம் என்று இருக்கும். இன்னொன்றில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். மூன்றாவதில் 293 நிமிடம். இயக்குநரும் நடிகர்களும் கதையும் மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் மூன்றும் தரும் அனுபவம் ஒன்றல்ல.

கதை என்ன?

1941-ம் ஆண்டு. ஜெர்மனியின் பிடியில் இருக்கும் பிரான்ஸின் லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து யு-96 என்ற நீர்மூழ்கிக் கப்பல் அட்லாண்டிக்கில் இறங்குகிறது. பிரிட்டனுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்களை மூழ்கடிப்பதே அதன் வேலை. யு-96 உண்மையிலேயே இருந்த கப்பல். போர்ச் செய்தியாளராக அதில் பயணம் செய்த லோதர்-குந்தர் புக்ஹைம், அந்த அனுபவத்தை வைத்து 1973-ல் ஒரு நாவல் வெளியிட்டார். அதைத்தான் வோல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கினார். கேப்டனாக நடித்தவர் யூர்கன் ப்ராக்நோவ். நிஜக் கப்பலின் தளபதியாக இருந்த ஹைன்ரிக் லேமன்-வில்லன்ப்ராக் படப்பிடிப்புக்கு ஆலோசகராக இருந்தார்.

மூன்று வடிவங்கள் ஏன்?

காரணம் பணம். அந்தக் காலத்து ஜெர்மன் சினிமாவுக்கு இது மிகப் பெரிய செலவு. தயாரிப்பில் தொலைக்காட்சி நிறுவனங்களும் பங்கு போட்டதால், திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்தே காட்சிகளை எடுத்தார்கள். 1981-ல் 149 நிமிடப் படம் வெளியாகி, ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. பிறகு தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1984-ல் பிபிசி அதை ஆறு பாகங்களாகவும், 1985-ல் ஜெர்மன் தொலைக்காட்சி மூன்று பாகங்களாகவும் ஒளிபரப்பின. 1997-ல் பீட்டர்சன் ஒலியைப் புதிதாகச் சீரமைத்து, மூன்றரை மணி நேர இயக்குநர் பதிப்பை வெளியிட்டார். 2004-ல் அந்தத் தொலைக்காட்சித் தொடர் வெட்டில்லாத 293 நிமிடங்களாக டிவிடியில் வந்தது.

கூடுதல் நேரத்தில் என்ன இருக்கிறது?

அதில் பெரும்பகுதி வெடிச் சண்டை அல்ல, காத்திருப்பு. எதிரிக் கப்பல் கண்ணில் படாத வாரங்கள், முடிவே இல்லாததுபோல் அடிக்கும் புயல், பூசணம் பூத்த ரொட்டி, பயணத் தொடக்கத்தில் உணவுப் பண்டம் அடுக்கியதால் ஐம்பது பேருக்கு ஒன்றாகச் சுருங்கிப்போன கழிப்பறை. சலிப்பில் வம்பு பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், வீட்டை நினைக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பழகிய பிறகு மேலேயிருந்து குண்டு இறங்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொருவரையும் நமக்குத் தெரியும். நீர்மூழ்கிப் போர் என்பது பெரும்பாலும் காத்திருப்புதான். அதை வெட்டினால் வெட்டுப்படுவது கதையின் உயிர்.

படமாக்கிய விதமும் அந்த நெருக்கத்துக்குத் துணை நிற்கிறது. கப்பலின் உட்புறத்தை உண்மையான அளவிலேயே கட்டி, ஆடிச் சாயும் மேடைமேல் ஏற்றினார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வாக்கானோ, அதிர்வைத் தாங்கும்படி தானே வடிவமைத்த கையடக்கக் கேமராவைப் பிடித்துக்கொண்டு குறுகிய வாசல்கள் வழியே ஓடினார். பெரும்பாலும் கதை வரிசைப்படியே எடுத்ததால் நடிகர்களின் தாடி நிஜமாகவே வளர்ந்தது. அவர்கள் முகம் வெளுக்க வேண்டும் என்பதற்காக வெயிலில் அலைய விடவில்லை.

வாங்கும்முன் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நிமிடக் கணக்கைப் பாருங்கள். உறையில் 293 நிமிடம் என்றிருந்தால் அது முழுத் தொடர். 2018-ல் தொடங்கிய, இதே பெயருள்ள தொடர் வேறு நடிகர்களோடு வேறு கதை சொல்வது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது மண்டலக் குறியீடு. டிவிடியில் இந்தியா 5-ம் மண்டலம், ஐரோப்பா 2, அமெரிக்கா 1. ப்ளூ-ரேயில் இந்தியா சி, ஐரோப்பா பி, அமெரிக்கா ஏ. மண்டலப் பூட்டுள்ள வெளிநாட்டு டிஸ்க் உங்கள் கருவியில் ஓடாமல் போகலாம்.

மூன்றாவது மொழி. ஆங்கில டப்பிங்கில் பல நடிகர்கள் தங்கள் குரலிலேயே பேசியிருக்கிறார்கள். இருந்தாலும் ஜெர்மன் குரலை வைத்துக்கொண்டு, சப்டைட்டிலோடு பார்ப்பதே நல்லது. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் சிறப்பு. மேலே போகும் போர்க்கப்பலின் ஒலியலை நீர்மூழ்கியின் உடம்பில் வந்து மோதும் சத்தத்தில்தான் பாதி பயம் இருக்கிறது.

எப்படிப் பார்ப்பது?

ஒரே மூச்சில் வேண்டாம். இரண்டு மூன்று இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: இவர்கள் நாஜி அரசுக்காகப் போரிட்டவர்கள். கேப்டன் அந்த அரசின் பிரச்சாரத்தைக் கிண்டல் செய்வதால் அவர் செய்யும் வேலை மாறிவிடாது. எரியும் எண்ணெய்க் கப்பலிலிருந்து கடலில் குதிக்கிறவர்களைக் காப்பாற்றாமல் நீர்மூழ்கி பின்வாங்கும் காட்சியில் இதைத் தொடரே முகத்துக்கு நேரே சொல்கிறது.

நீர்மூழ்கிகளில் பணியாற்றிய 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற வாசகத்தோடு கதை தொடங்குகிறது. எதிர்ப்பக்கத்திலும் 30,000-க்கு மேற்பட்ட வணிகக் கப்பல் மாலுமிகள் அந்தப் போரில் இறந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியர்களும் அவர்களில் உண்டு. இரு தரப்பு இழப்பையும் மனத்தில் வைத்துப் பார்க்க ஐந்து மணி நேரம் அதிகமல்ல. ஒரே ஒரு முறைதான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முழுத் தொடரையே பாருங்கள்.