ரிப்போர்ட் நார்மல்... ஹெபடைடிஸ் பி மாத்திரையை நிறுத்தலாமா?

"ரத்தத்துல வைரஸே தெரியலைன்னு ரிப்போர்ட் வந்துருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது.

டெனோபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கின்றன. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் மரபணு பதுங்கியே இருக்கும். மாத்திரை நின்றதும் அது மீண்டும் பெருகலாம். சிலருக்குக் கல்லீரலில் திடீர் அழற்சி ஏற்பட்டு, செயலிழப்பு வரை போவதுண்டு. சிரோசிஸ் இருந்தால் உயிருக்கே ஆபத்து. 'கீழாநெல்லி போதும்' என்று மாத்திரையைக் கைவிடுவதும் இதே வம்புதான்.

சிலருக்கு டாக்டரே நிறுத்தச் சொல்லலாம். அதன் பிறகும் ரத்தப் பரிசோதனை தொடரும். செலவுதான் பிரச்னை என்றால், 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம்.