ஒவ்வாமை ஆஸ்துமா: நீல இன்ஹேலர் மட்டும் போதாது

ஒவ்வாமை ஆஸ்துமாவில் கோளாறு இரண்டு. மூச்சுக்குழாய்களின் உட்சுவர் அழற்சியால் வீங்கியே இருக்கும். தூசிப்பூச்சி, கரப்பான் எச்சம், பூனையின் பொடுகு, பூஞ்சை என ஒவ்வாத எதையாவது சுவாசித்தால், ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதம் அதை அடையாளம் கண்டு அழற்சியைக் கிளப்பிவிடும். குழாயைச் சுற்றியுள்ள தசையும் இறுகிக்கொள்ளும். தசையைத் தளர்த்தும் மருந்து அழற்சியைத் தொடாது. அழற்சியைத் தணிக்கும் மருந்து மூச்சுத் திணறலை அந்த நிமிடமே போக்காது. கூட்டு மருந்து தேவைப்படுவது இதனால்தான்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயைத் தூண்டும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், மெத்தையிலும் தலையணையிலும் சோபாவிலும் தூசிப்பூச்சி ஓய்வின்றிப் பெருகுகிறது. குளிர்நாட்டு மகரந்த ஒவ்வாமை பருவம் முடிந்ததும் அடங்கும். இங்கே அந்த இடைவெளி கிடையாது. அடுக்குமாடி வீட்டின் மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, சிகரெட் ஆகியவற்றின் புகை சேரும்போது, ஏற்கெனவே புண்பட்ட குழாய் மேலும் எரிச்சலடைகிறது. இவற்றுக்கு மேல் புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. இக்குறியீடு 100-ஐத் தாண்டினாலே காற்று 'ஆரோக்கியமற்றது' எனக் கொள்ளப்படும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதற்கு முன்பே வெளி வேலைகளைக் குறைத்துக்கொள்வது நல்லது.

நோயாளிகள் பலருக்கும் தெரிந்த மருந்து சால்புட்டமால் அடங்கிய நீல இன்ஹேலர். அடித்த சில நிமிடங்களில் நெஞ்சு இலேசாகிவிடுவதால் அதன்மேல் நம்பிக்கை வளர்வது இயல்பு. ஆபத்தும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. தசை தளர்ந்துவிட்டது, வீக்கம் அப்படியே இருக்கிறது. விரைவு நிவாரணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து ஒரு கசப்பான பாடம். 1970-களின் பிற்பகுதியில் ஃபெனோட்டெரால் என்னும் வீரியமான நிவாரண இன்ஹேலர் அங்கே பரவியபோது ஆஸ்துமா இறப்புகள் ஏறின. 1989-இல் ஆய்வு வெளியாகிக் கட்டுப்பாடு வந்தபின் இறங்கின. இன்றைய சால்புட்டமால் அந்த அளவுக்கு ஆபத்தானது அன்று. ஆயினும் ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் சால்புட்டமாலை மட்டும் தனியே கொடுக்கும் சிகிச்சையை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நீல இன்ஹேலர் ஒன்றில் 200 முறை அடிக்க மருந்து இருக்கும். ஓராண்டில் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடுமையான தாக்குதலுக்கான வாய்ப்பு கூடிவிட்டது என்று பொருள். மாதத்துக்கு ஒன்று காலியானால் உயிருக்கே ஆபத்து நெருங்குகிறது. பாசார் போகும் வழியில் இன்னொன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது இதற்குத் தீர்வாகாது.

மாற்று, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் தசைக்கான நீண்டநேரத் தளர்த்தியும் ஒரே கருவியில் சேர்ந்த கூட்டு இன்ஹேலர். புடெசோனைடும் ஃபோர்மொட்டெராலும் சேர்ந்த சிம்பிகார்ட் ஒரு வகை. ஃபுளூட்டிகசோனும் சால்மெட்டெராலும் சேர்ந்த செரிடைட் இன்னொரு வகை. ஃபோர்மொட்டெரால் நீண்டநேரம் நீடிப்பதோடு சில நிமிடங்களில் வேலையும் தொடங்குவதால், முதல் வகையை அன்றாடக் கட்டுப்பாட்டுக்கும் திணறல் வந்தவுடன் நிவாரணத்துக்கும் மருத்துவர் ஆலோசனைப்படி பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறை நிவாரணம் தேடும்போதும் கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போகிறது என்பதே இதன் சிறப்பு. சால்மெட்டெரால் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆகவே இரண்டாம் வகையைத் தாக்குதலின்போது நிவாரணமாக அடிக்கக்கூடாது. அதைப் பயன்படுத்துவோர் நீல இன்ஹேலரையும் கையில் வைத்திருக்க வேண்டும். நீண்டநேரத் தளர்த்தியை ஸ்டீராய்டு இல்லாமல் தனியே எடுப்பது ஆஸ்துமாவில் தவறு.

'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்குவோர் அளவைக் கவனிக்க வேண்டும். உள்ளிழுக்கும் மருந்தில் ஒரு முறைக்கு ஏறத்தாழ 200 மைக்ரோகிராம் புடெசோனைடு போகிறது. கடும் தாக்குதலுக்குக் கொடுக்கும் பிரட்னிசோலோன் மாத்திரையோ நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். ஒரு முறை இழுக்கும் அளவைப்போல் எடைக்கணக்கில் 200 மடங்கு. இன்ஹேலருக்குப் பயந்து அதைத் தவிர்ப்பவர் கடைசியில் மாத்திரைக்கே போய்ச் சேர்கிறார். எலும்புத் தேய்மானம், சர்க்கரை ஏற்றம், கண்புரை எல்லாம் பெரும்பாலும் அந்த மாத்திரைகள் அடிக்கடி சேர்ந்து கொண்டுவருபவை. இன்ஹேலரால் வரும் பொதுவான தொல்லைகள் குரல் கரகரப்பும் வாய்ப்பூஞ்சையும். அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் அவை வெகுவாகக் குறையும்.

முறை தவறினால் எந்த மருந்தும் நுரையீரலுக்குப் போய்ச் சேராது. நீல இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளியேவிட்டு, மெதுவாக இழுத்தபடியே அழுத்தி, 10 விநாடி அடக்க வேண்டும். சிம்பிகார்ட்டின் டர்புஹேலர் கருவியில் பொடிதான் இருக்கிறது. அதை நிமிர்த்திப் பிடித்து, அடிப்பாகத்தை ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் 'கிளிக்' கேட்கும்வரை திருப்பி, வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஒன்றின் முறையை இன்னொன்றில் கையாள்வதுதான் அடிக்கடி நேரும் தவறு. அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் மருந்தாளுநர்கள் நடத்தும் சுவாச மருந்துக் கிளினிக்கில் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம்.

மூக்கடைப்பும் தும்மலும் உடனிருந்தால் மூக்குக்கான ஸ்டீராய்டு ஸ்பிரேயும் ஒவ்வாமை மாத்திரையும் சேரும். அந்த மாத்திரை மூக்குக்கு உதவும், ஆஸ்துமா மருந்துக்கு மாற்றாகாது. மொண்டெலுகாஸ்ட் என்னும் ஆஸ்துமா மாத்திரை கொடுக்கப்படும் பிள்ளைகளிடம் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு தெரிகிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் இம்மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறை பிரட்னிசோலோன் தேவைப்பட்டால் சுவாச நிபுணரிடம் அனுப்பச் சொல்லலாம். ஐஜிஇ-யையே முடக்கும் ஓமலிசுமாப் ஊசி போன்றவை அந்தக் கட்டத்துக்கு உரியவை.

மருந்துச் செலவைக் காரணம் காட்டிச் சிகிச்சையை நிறுத்த வேண்டிய நிலை மலேசியக் குடிமக்களுக்கு இல்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருந்தோடு சேர்த்துக் கட்டணம் ஒரு ரிங்கிட். தனியார் கிளினிக்கில் பார்ப்பவர்கள் மருந்துச் சீட்டை எழுதி வாங்கி வெளியே விலை ஒப்பிடலாம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். வைக்காத இடத்தைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம்.

'ஆஸ்துமாவை வேரோடு குணப்படுத்தும்' என்ற விளம்பரம் சட்டவிரோதமானது. 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யத் தடை விதித்த நோய்களின் பட்டியலில் ஆஸ்துமாவும் உண்டு. சுகாதார அமைச்சு சோதித்த ஜாமு, மாஜுன் போன்ற பாரம்பரிய மருந்து வகைகளில் டெக்சாமெத்தசோன் என்னும் வீரிய ஸ்டீராய்டு பலமுறை அகப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் மூச்சு சீராகி, முகம் உப்பி, உடல் எடை கூடினால் சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட பொருளைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரைப் பார்த்தே நிறுத்த வேண்டும். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்கக்கூடாது.

வேலை நாளில் மூச்சிரைத்து, விடுமுறையில் சரியாகிறவருக்குக் காரணம் பட்டறையிலேயே இருக்கலாம். மாவு, மரத்தூள், ரப்பர்ப் பால், சாயத்தெளிப்பில் வரும் ஐசோசயனேட் ஆகியவை தெரிந்த தூண்டிகள். 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்சார் ஆஸ்துமா தொழில்நோயாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. பதிவு பெற்ற ஊழியர், வெளிநாட்டவரானாலும், மருத்துவ அறிக்கையோடு சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இழப்பீடு கோரலாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், நிவாரண மருந்துக்குப் பிறகும் திணறல் அடங்காமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிர்த்தி உட்காரவைத்து நிவாரண இன்ஹேலரைத் தொடரலாம். அருகில் இருப்பது தனியார் மருத்துவமனைதான் என்றால் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். உயிர்காக்கும் அவசர சிகிச்சையைத் தேவைப்படும் எவருக்கும் தர ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் அவற்றுக்குக் கடமை விதித்துள்ளது.